பரணில் இருந்த 195 ரிகார்டுகள்

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பரணில் என்னென்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் சட்டென்று சொல்லிவிடுவீர்களா? நான் சொல்லிவிடுவேன். கொலுப் பொம்மைப் பெட்டி, கல்யாணத்துக்கு வந்த பித்தளை அண்டா, பிள்ளைகளின் தொட்டில் கட்டை, அப்புறம் மாமாவின் ரிகார்டுகள். அந்தக் கடைசி அயிட்டத்தைச் சொல்லும்போது மட்டும் ஒரு பெருமூச்சும் கூடவே வரும்.

எங்களுக்கு ஆம்பூர். என் மாமனார் இங்கே ஒரு தோல் ஷாப்பில் 38 வருஷம் கணக்கு எழுதினார். தோல் பதனிடும் தொழிற்சாலையை எங்கள் பக்கத்தில் தோல் ஷாப்பு என்றுதான் சொல்வோம். பில்லும் செக்கும் எடுத்துக் கொண்டு மாதத்துக்கு ஒரு தடவை அவர் சென்னைப் பெரியமேட்டுக்குப் போவார். தோல் வியாபாரிகளின் கடைகளெல்லாம் அங்கேதான். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் மூர் மார்க்கெட். 1985-ல் அது தீப்பிடித்து எரிந்து போகும் வரை, பழைய புத்தகமும் பழைய ரிகார்டும் வேண்டுமென்றால் ஜனங்கள் அங்கேதான் போவார்கள். மாமாவும் போவார். ராத்திரி ரயிலில் திரும்பி வரும்போது துண்டில் சுற்றிய ஒரு தட்டு அவர் மடியில் இருக்குமாம். "பச்சைக் குழந்தையைக் கூட அப்படி மடியில வெச்சிக்கினது இல்லை" என்று அத்தை சொல்வார்கள்.

நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தது 2001-ல். அப்போது ஊரெல்லாம் கேசட் போய் சி.டி. வந்துவிட்டது. எங்கள் வீட்டுக் கூடத்தில் மட்டும் சாயங்காலம் ஆறரை மணிக்கு ரிகார்டுதான் சுற்றும். அதற்கென்று சில சட்டங்கள் உண்டு. மாமாவைத் தவிர யாரும் பிளேயரைத் தொடக் கூடாது. ஓடும்போது கூடத்தில் அழுத்தி நடக்கக் கூடாது. தூசி தட்டுகிறேன் என்று ரிகார்டு அலமாரிப் பக்கம் போகவே கூடாது. ஒரு பக்கம் முடிந்ததும் ஊசியைத் தூக்கி வைத்துவிட்டு, "சாப்பாடு போடலாமா?" என்று சமையலறையைப் பார்த்துக் குரல் கொடுப்பார். தட்டு வைத்துப் பரிமாறி, சாப்பிட்டு எழுந்து வந்து, அதற்கப்புறம்தான் இரண்டாம் பக்கம். நாங்கள் அப்போது பாத்திரம் தேய்த்துக் கொண்டிருப்போம்.

மாமா 2019-ல் காலமானார். பிளேயர் அதற்கு முன்பே ரிப்பேர். காரியமெல்லாம் முடிந்த பிறகு என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் அட்டைப் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றினார். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததே, அந்த மழையில் எங்கள் பரண் ஓரம் ஒழுகியது. இப்போது ஒட்டுக் கூரையைப் பிரித்துவிட்டுத் தளம் போடலாம் என்று முடிவு செய்தோம். கொத்தனார் வந்து பார்த்தார். "பரணைக் காலி பண்ணிக் கொடுங்கம்மா, அடுத்த வாரம் கை வைக்கிறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெட்டிகளை இறக்கினால் குப்பென்று பூசண வாடை! அத்தைக்கு ஏற்கனவே மூச்சிரைப்பு உண்டு. அவர்களைப் பின்கட்டுக்கு அனுப்பிவிட்டு, மூக்கில் துணியைக் கட்டிக் கொண்டு முற்றத்தில் வைத்துப் பிரித்தேன். (பழைய பெட்டிகளை வீட்டுக்குள் பிரிக்காதீர்கள் சகோதரிகளே. பூசணத் தூள் சின்னக் குழந்தைகளுக்கும், இழுப்பு உள்ளவர்களுக்கும் ஆகவே ஆகாது.) எண்ணிப் பார்த்தேன். எல்.பி. 88, சின்ன ஈ.பி. 61, கனமான பழைய தட்டுகள் 46. ஆக மொத்தம் 195.

"இதையெல்லாம் இன்னா பண்றது அத்தை?" என்று கேட்டேன்.

"கொடுத்துடு" என்றார்கள். எனக்கு ஆச்சரியமாகப் போயிற்று. ஐம்பது வருஷத்துக்கு மேல் கூடவே இருந்த சாமான். ஒரு தடவை திரும்பிக் கூடப் பார்க்காமல், "யாராவது கேட்டா கொடுத்துடு, இடத்தை அடைக்குது" என்று சொல்லிவிட்டு முருங்கைக் கீரையை உருவ ஆரம்பித்துவிட்டார்கள்.

கொடுப்பது என்று முடிவு செய்த பிறகுதான் தெரிந்தது, வாங்குவதை விடக் கொடுப்பது கஷ்டம் என்று!

முதலில் யோசனை சொன்னது பக்கத்து வீட்டுக்காரர். "போகி வருதே, தூக்கிப் போட்டுக் கொளுத்திடுங்க" என்றார். நல்லவேளை, பிளஸ் டூ படிக்கிற என் மகன் தடுத்தான். எல்.பி.யும் ஈ.பி.யும் செய்கிற வினைல் என்பது வேறொன்றுமில்லை, தண்ணீர்க் குழாய் செய்கிற அதே பி.வி.சி. ஜாதிதானாம். அதைக் கொளுத்தினால் கண்ணையும் நெஞ்சையும் எரிக்கிற அமில வாயுவும், டையாக்சின் என்கிற நச்சும் கிளம்பும். சிலர் ரிகார்டைச் சூடு காட்டி வளைத்துப் பழக் கிண்ணம், பூந்தொட்டி செய்கிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் சமையலறையில், குழந்தை பக்கத்தில் இருக்கும்போது, பி.வி.சி.யைச் சூடு பண்ணுகிற வேலை நமக்கு வேண்டாம்.

அடுத்தது காயலான் கடை. எடைக்குத்தான் எடுப்பேன், அதுவும் பிளாஸ்டிக் விலைதான் என்றார்கள்.

மூன்றாவது நானே எடுத்த முடிவு. அதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. வேலூர்ப் பக்கம் பார்வையில்லாத பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதி ஒன்று தெரியும். கண் தெரியாதவர்களுக்குப் பாட்டென்றால் உயிராக இருக்கும், அவர்களுக்கே கொடுத்துவிடலாம் என்று பெருமையோடு போய் நின்றேன். அங்கே இருந்த அம்மாள் மரியாதையாக உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார். பிறகு சிரித்துக் கொண்டே கேட்டார்: "பிளேயர் இருக்காம்மா?" ரிப்பேர் என்றேன். "எங்க பிள்ளைங்க பாட்டெல்லாம் போன்லயே கேட்டுக்கறாங்கம்மா. தட்டுல கை பட்டா கீறல் விழும்னு அவங்களைத் தொட விடாம நாங்க காவல் காக்கணும். எங்களுக்கு இப்ப தேவை போர்வையும் பாயும்தான்."

அவர் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. ஆனாலும் பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு உறைத்தது. அந்தப் பிள்ளைகளுக்கு என்ன வேண்டும் என்று நான் ஒரு நிமிஷம் கூட யோசிக்கவில்லையே! என் பரண் காலியாக வேண்டும், அதற்குத் தர்மம் என்று ஒரு பெயரும் வேண்டும் என்று போயிருக்கிறேன். பழைய துணி, உடைந்த பொம்மை, தேதி முடிந்த மருந்து என்று அநாதை விடுதிகளுக்கு மூட்டை மூட்டையாக அனுப்புகிறோமே, அதில் எத்தனை தானம், எத்தனை குப்பை? (அடுத்த மாதம் நாலு போர்வையும் நாலு பாயும் வாங்கிக் கொண்டு போய்க் கொடுத்தேன். அது வேறு விஷயம்.)

இதற்குள் விஷயம் எப்படியோ பரவி, வெளியூரிலிருந்து ஒரு வியாபாரி வந்தார். அரை மணி நேரத்தில் 195-ஐயும் சீட்டுக் கட்டு மாதிரி புரட்டி, 14 தட்டுகளை மட்டும் தனியே எடுத்து வைத்தார். "இதுக்கு ஆறாயிரம் தர்றேன். மத்ததை நீங்களே போட்டுடுங்க" என்றார். ஆறாயிரம்! மகள் நர்சிங் படிக்கிறாள், பஸ் கட்டணம் பாக்கி இருக்கிறது. கை நீட்டிவிடலாம் என்றுதான் தோன்றியது. விற்பதில் தப்பும் இல்லை. ஆனால் ஒரு கேள்வி எழுந்தது. இவர் எடுக்கிற 14-க்கு இத்தனை விலை என்றால், மிச்சம் 181-ம் குப்பை என்று யார் சொன்னது? இவருக்கு விற்காது, அவ்வளவுதானே? "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று அனுப்பி வைத்தேன்.

வீட்டில் கேட்டதுதான் வினையாகப் போயிற்று. பெங்களூரில் இருக்கும் கொழுந்தனார் போனில் பிடித்துக் கொண்டார். "அது அப்பா ஞாபகம் அண்ணி. என்னைக் கேட்காம யாருக்கும் கொடுக்கக் கூடாது" என்றார்.

"அப்ப நீங்க எடுத்துட்டுப் போங்க தம்பி" என்றேன்.

"இங்க ஃபிளாட்டில் இடம் ஏது அண்ணி?"

பாருங்கள், யாருக்கும் வேண்டாத பொருளுக்கு உரிமை மட்டும் எல்லோருக்கும் இருக்கிறது! இரண்டு நாள் வீட்டில் பேச்சு வார்த்தை சரியில்லை. கொத்தனார் வேறு தினம் போன் பண்ணினார்.

அந்தச் சமயத்தில்தான் என் வீட்டுக்காரரின் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பையன், தன்னுடைய பழைய வாத்தியாரைப் பற்றிச் சொன்னான். வேலூரில் ஓய்வு பெற்று இருக்கிறார். பழைய ரிகார்டுகளைச் சேர்த்து, ஒவ்வொன்றாக ஓட்டிக் கம்ப்யூட்டரில் பதிவு செய்து வைக்கிறார். ஞாயிற்றுக் கிழமைகளில் யார் போனாலும் உட்கார வைத்துப் போட்டுக் காட்டுவாராம். அவருக்குப் போன் செய்தேன். எடுத்த எடுப்பிலேயே "கொண்டு வாங்க" என்று சொல்வார் என்று நினைத்தேன். அவரோ, "முதல்ல லிஸ்ட் அனுப்புங்கம்மா" என்றார்.

"லிஸ்ட்டா? 195 இருக்கே சார்!"

"அதனாலதான் லிஸ்ட்."

அப்படித்தான் ஆரம்பித்தது. மத்தியானம் எல்லோரும் படுத்த பிறகு, ஒரு நாற்பது பக்க நோட்டை வைத்துக் கொண்டு உட்காருவேன். தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் வட்டக் காகிதத்தில் கம்பெனி பெயர், எண், பாட்டு, பாடியவர் எல்லாம் அச்சடித்திருக்கும். அந்த எண்தான் முக்கியம் என்றார் வாத்தியார். ஒரே பாட்டு பல தடவை வெளி வந்திருக்கும், எண்ணை வைத்துத்தான் இது எந்தப் பதிப்பு என்று அடையாளம் தெரியுமாம். எழுத எழுத எனக்கே சுவாரசியம் வந்துவிட்டது.

இந்தியாவில் வியாபாரத்துக்காக முதன் முதலில் பாட்டுப் பதிவு செய்தது 1902-ல், கல்கத்தாவில். பாடியவர்களில் பெரும் புகழ் பெற்றவர் கௌஹர் ஜான் என்ற பெண்மணி. நல்ல குடும்பத்துப் பெண்கள் வெளியில் பாடக் கூடாது என்றிருந்த அந்தக் காலத்தில், ரிகார்டு வழியாக ஒரு பெண் குரல் ஊர் ஊராக வீடுகளுக்குள் போயிருக்கிறது! நம் ஊரில் ஏவி.எம். ஸ்டூடியோவை உண்டாக்கிய மெய்யப்பச் செட்டியார் கூட, படம் எடுக்க வருமுன் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்று ரிகார்டு வியாபாரம்தான் பார்த்தார்.

அந்தக் கனமான பழைய தட்டு நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும். ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிஷம்தான் பாட்டு. 1948-ல் அமெரிக்காவில் எல்.பி. வந்த பிறகு ஒரு பக்கத்தில் இருபது நிமிஷத்துக்கு மேல் கேட்க முடிந்தது. நம் நாட்டில் 78 தட்டு 1970-களின் தொடக்கத்தில் நின்று போயிற்று.

பழைய 78 தட்டு வினைல் இல்லை, அரக்கு. ஆமாம், அரக்கு வளையல் செய்கிறோமே, அதே அரக்குப் பூச்சி தருகிற அரக்குதான். இது தெரியாமல் நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். கொரோனா சமயத்தில் வாங்கி மிச்சமிருந்த சானிடைசரைப் பஞ்சில் தொட்டு, ஒரு 78 தட்டைப் பளபளவென்று துடைக்கலாம் என்று துடைத்தேன். பஞ்சு கறுப்பாகி, தட்டு பிசுபிசுத்துப் போய்விட்டது. ஸ்பிரிட் பட்டால் அரக்கு கரையும்! மர சாமானுக்குப் பூசுகிற பிரெஞ்சு பாலிஷே அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துச் செய்வதுதான் என்று வாத்தியார் சொன்னபோது தலையில் அடித்துக் கொண்டேன். எண்பது வருஷம் தாங்கிய ஒரு பாட்டு, என் கையால் ஐந்து நிமிஷத்தில் போயிற்று. லிஸ்ட்டில் அதற்கு நேரே 'என்னால் கெட்டது' என்றே எழுதினேன்.

லிஸ்ட் எழுதிய பக்கங்களைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸப்பில் போட்டேன். கொழுந்தனார் ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பதில் போட்டார். '47-ம் எண் மட்டும் எனக்கு அண்ணி. அப்பா என்னைத் தோளில் தூக்கிட்டு ஆடின பாட்டு. மத்தது உங்க இஷ்டம்.' இத்தனை நாள் அவர் கேட்டது அந்த ஒன்றைத்தான் என்று அவருக்கே லிஸ்ட்டைப் பார்த்த பிறகுதான் தெரிந்திருக்கிறது. எதிர்வீட்டுப் பாயம்மா, நாகூர் ஹனிபாவின் ரிகார்டு ஒன்று இருப்பதைக் கேட்டுவிட்டு வந்தார். ரம்ஜான் மாதத்தில் அவருடைய அப்பா தெருவுக்கே கேட்கிற மாதிரி அந்தக் குரலைத்தான் வைப்பாராம். ஹனிபா 2015-ல் மறைந்தார். பாயம்மாவின் அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். "எங்க வீட்ல பிளேயர் இல்லைம்மா, சும்மா வெச்சிக்கறேன்" என்று வாங்கித் தலையில் ஒற்றிக் கொண்டார்.

வாத்தியார் லிஸ்ட்டைப் படித்துவிட்டு நேரிலேயே வந்தார். கையோடு சின்னப் பிளேயர் ஒன்றும் கொண்டு வந்திருந்தார். தன்னிடம் ஏற்கனவே இருக்கிற 30 தட்டுகளைத் தனியாக எடுத்து வைத்தார். "இது எனக்கு இரண்டாவது. இல்லாதவங்களுக்குப் போகட்டும்" என்றார். மும்பையில் 1990-ல் தொடங்கிய இந்திய இசைத்தட்டு சேகரிப்பாளர் சங்கம் பற்றியும், சென்னையில் ஆயிரக் கணக்கில் ரிகார்டுகள் சேர்த்த வி.ஏ.கே. ரங்காராவ் பற்றியும், பெங்களூரில் விக்ரம் சம்பத் தொடங்கிய இந்திய இசை ஆவணக் காப்பகம் பழைய தட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி யார் வேண்டுமானாலும் கேட்கும்படி வைத்திருப்பது பற்றியும் அவர்தான் சொன்னார். ரிகார்டுகளுக்கு நடுவே மாமா செருகி வைத்திருந்த சினிமாப் பாட்டுப் புத்தகங்களை நான் குப்பைக் கூடையில் போட்டிருந்தேன். பதறிப் போய் எடுத்தார். காரைக்குடிப் பக்கம் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர், விளம்பரப் பலகை எழுதுகிற ஓவியர், இப்படி மற்றவர்கள் கழித்துப் போட்ட அச்சுக் காகிதங்களையெல்லாம் ஆயுள் முழுக்கச் சேர்த்தாராம். 1992-ல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக் கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, நாட்டை விட்டு வெளியே கொண்டு போகாமல், 1994-ல் சென்னையிலேயே அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் அமைய வழி செய்தது. "அங்கே எழுதிக் கேளுங்க" என்றார். எழுதுவதற்காகத் தனியே கட்டி வைத்திருக்கிறேன்.

கடைசியில் ஒரு காகிதத்தை நீட்டினார். இன்ன தேதியில், இன்னார், இத்தனை ரிகார்டுகளை மனப்பூர்வமாகக் கொடுத்தார் என்று ஒரு கடிதம். நாளைக்கு யாரும் 'எங்களுடையது' என்று வராமல் இருக்க இது அவசியம் என்றார். "கொடுப்பவர்" என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போடப் போனேன். "பொருளுக்குச் சொந்தக்காரங்க யாரோ அவங்கதான் போடணும்" என்றார்.

நான் அத்தையைப் பார்த்தேன். அவர்கள் தூணோரம் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள்.

"நான் எப்படிப் போடறது? என்னுதா அது?" என்றார்கள். "நான் அதைத் தொட்டதே இல்லையே."

கூடத்தில் யாரும் பேசவில்லை. 1966-ல் இந்த வீட்டுக்கு வந்தவர்கள். எத்தனையோ ஆயிரம் சாயங்காலங்கள் அந்தப் பாட்டுகளுக்கு நடுவில் சோறு வடித்தவர்கள். ஒரு நாள், ஒரே ஒரு நாள் கூட, ஊசியை எடுத்து வைத்ததில்லை. 'கொடுத்துடு' என்று அவர்கள் அவ்வளவு சுலபமாகச் சொன்னதற்கு அர்த்தம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. மாமா கெட்டவர் இல்லை சகோதரிகளே. அத்தையை ஒரு நாளும் கடிந்து பேசி நான் கேட்டதில்லை. ஆனால் தொடலாம் என்று அவர் சொல்லவில்லை, தொடட்டுமா என்று இவர்களும் கேட்கவில்லை.

வாத்தியார் பிளேயரை மேஜை மேல் வைத்து பிளக்கைச் செருகினார். "எதும்மா வேணும்?" என்று கேட்டார்.

அத்தை கொஞ்ச நேரம் யோசித்தார்கள். "அந்த வாணி ஜெயராம் தட்டு" என்றார்கள். வாணி ஜெயராம் 1945-ல் வேலூரில் பிறந்தவர். மூன்று தடவை தேசிய விருது வாங்கியவர். 2023 பிப்ரவரியில் அவர் இறந்த செய்தி டி.வி.யில் வந்தபோது, "நம்ம வேலூர்ப் பொண்ணு" என்று அத்தை அன்று முழுக்கச் சொல்லிக் கொண்டிருந்தார்கள். தட்டை எடுத்து முதல் பக்கம் மேலே வருகிற மாதிரி வைக்கப் போனேன்.

"அந்தப் பக்கம் எனக்குப் பாடம். திருப்பி வை. ரெண்டாம் பக்கம் நான் முழுசா கேட்டதே இல்லை. அதுக்குள்ள பாத்திரம் சேர்ந்துடும்."

வாத்தியார் அத்தையின் கையைப் பிடிக்கவில்லை. எப்படித் தூக்க வேண்டும், எங்கே இறக்க வேண்டும் என்று வாயால் மட்டும் சொன்னார். 77 வயசுக் கை நடுங்கியது. முதல் தடவை ஊசி தட்டுக்கு வெளியே இறங்கி கரகரவென்று ஒரு சத்தம். நாக்கைக் கடித்துக் கொண்டு என் வீட்டுக்காரரை நிமிர்ந்து பார்த்தார்கள், திட்டு விழுமோ என்கிற மாதிரி. அவர் முகத்தைத் திருப்பிக் கொண்டு கண்ணைத் துடைத்தார். இரண்டாம் தடவை சரியாக இறங்கியது. பாட்டு வந்தது.

அன்று எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு ஒன்பதரை மணி ஆயிற்று. நடுவில் யாரும் எழுந்திருக்கவில்லை. பக்கம் முழுக்க முடிந்து ஊசி சும்மா சுற்றிக் கொண்டிருந்தபோது அத்தையே எழுந்து தூக்கி வைத்தார்கள்.

"இது ஒண்ணையாவது வெச்சிக்குவோமா அத்தை?" என்று கேட்டேன். நமக்கெல்லாம் அப்படித்தானே தோன்றும்?

"வேணாம். பிளேயர் இல்லாம தட்டை வெச்சிக்கினு இன்னா பண்றது? இதுவரைக்கும் அவரு சாமான். இப்பத்தான் என்னுதாச்சு. என்னுதை நான் கொடுக்கறேன்" என்று சொல்லி, கடிதத்தை இழுத்துத் தன் பெயரை நிதானமாக எழுதினார்கள். நான் படித்தது பத்தாம் வகுப்பு. அத்தை மூன்றாம் வகுப்பு. இந்தப் பேச்சை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

தட்டுகள் வேலூருக்குப் போய்விட்டன. அந்த 30 கூட, வாத்தியார் கை காட்டிய இரண்டு பேரிடம் போய்ச் சேர்ந்தது. உலகத்தில் ரிகார்டுக்கு மறுபடி மவுசு வந்திருக்கிறது. 2022-ல் அமெரிக்காவில், 1987-க்குப் பிறகு முதல் தடவையாக, சி.டி.யை விட வினைல் ரிகார்டுகள் அதிகம் விற்றனவாம். வியாபாரி வந்ததன் ரகசியம் எனக்கு அப்போதுதான் விளங்கியது! மகளின் பஸ் கட்டணத்தைச் சீட்டுப் பணத்தில் கட்டினோம். அந்த ஆறாயிரத்தை நினைத்து ஒரு மாதம் கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது, மறைப்பானேன்?

உங்கள் வீட்டிலும் பழைய ரிகார்டுகள் இருக்கலாம். நான் பட்டுத் தெரிந்து கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்காதீர்கள், வளைந்து போகும். புத்தகம் மாதிரி நிமிர்த்தி வையுங்கள். வெயிலும் அடுப்புச் சூடும் படக் கூடாது. பிடிக்கும்போது விளிம்பையும் நடுக் காகிதத்தையும் மட்டும் தொடுங்கள். வினைல் தட்டை, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் கோடு போகிற போக்கிலேயே துடைக்கலாம், நடுக் காகிதம் நனையக் கூடாது. அரக்குத் தட்டில் ஸ்பிரிட், சானிடைசர் எதுவும் கூடாது. உறை கிழிந்திருந்தாலும் எறியாதீர்கள். யாருக்காவது கொடுப்பதென்றால் முதலில் லிஸ்ட் எழுதி, 'உங்களுக்கு இது வேண்டுமா?' என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். வேண்டாம் என்றால் கோபித்துக் கொள்ளாதீர்கள்.

ரிகார்டு இல்லாவிட்டால் வேறு ஏதாவது இருக்கும். தையல் மெஷின், வீணை, புத்தக அலமாரி. பரணைக் காலி செய்யும் முன், அந்தப் பொருள் ஓடிக் கொண்டிருந்த காலமெல்லாம் சமையலறையில் நின்றிருந்தவர்களை ஒரு தடவை கூப்பிட்டு உட்கார வைத்து, "உங்களுக்கு எது வேணும்?" என்று கேளுங்கள்.

எங்கள் வீட்டில் தளம் போட்டாயிற்று. பரண் இப்போது காலி. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக் கிழமை அத்தையும் நானும் ஆம்பூரிலிருந்து பஸ் பிடித்து வேலூர் போகிறோம். வாத்தியார் வீட்டில் ஊசி வைப்பது அத்தைதான். இதுவரை ஒன்பது இரண்டாம் பக்கங்கள் கேட்டாயிற்று.